காடு நடும் புறா



இன்று ஒரு பறவையைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். அப்பறவையிடம் செல்லுமுன், அதன் பெயரை ஒட்டி நாம் செய்த பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணி செய்வோர்க்கு எந்தத் தாள் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. காலையில் வருமான வரி, நண்பகலில் தடுப்பூசி, பிற்பகலில் துறைமுகச் சுங்கம் என்று ஒரே நாளில் பல துறைகள் மேசைமீது வந்து அமரும். கல்லூரியில் நாம் பயின்றவை வரலாறும் இலக்கியமும், விஞ்ஞானம் அன்று. எனினும் வந்த தாளைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை. அவ்வாறு ஒரு மாலைப் பொழுதில் இந்தியப் பறவைகளைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்று நம்மிடம் வந்தது. அதில் 'இம்பீரியல் பிஜன்' என்றொரு புறா இருந்தது. 'பிஜன்' என்றால் புறா. 'இம்பீரியல்' என்னும் சொல்லுக்கு அரசியல் தாள்களில் நாம் நாள்தோறும் எழுதிப் பழகிய சொல் ஒன்று கைவசம் இருந்தது. சற்றும் தயங்காமல் 'ஏகாதிபத்தியப் புறா' என்று எழுதி முடித்து வீடு திரும்பினோம். பிரசுரம் அச்சாயிற்று, நாமும் அதனை மறந்தோம்.

அதன்பின் ஒரு விடுமுறையில் சித்தூரில் உள்ள நண்பர் இல்லத்தில் தங்க நேர்ந்தது. சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களின் நிலை, பம்பாயிலும் தில்லியிலும் உள்ள தமிழர் நிலையினின்றும் சிறிது வேறுபட்டது. சித்தூர் மாவட்டம் 1911-இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடும், 1956-இல் ஆந்திரப் பிரதேசத்தோடும் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பிழைப்பு நாடி இங்கு வந்து குடியேறியவர் உண்டு. தாம் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை மட்டும் தம்மைக் கடந்து சென்றதைக் கண்டவரும் உண்டு. இரு சாராருடைய பிள்ளைகளும் பள்ளியில் தெலுங்கு படிக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழ் எழுத்தைப் பெற்றோர் மடியிலிருந்தே கற்கின்றனர்.

நண்பரின் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவ்வூர்த் தமிழ் அன்பர் நடத்திய பொங்கல் விழாவில், பறவைப் படம் ஒன்றை வரைந்து, நம் பிரசுரத்திலிருந்த பெயரை அதன் கீழே அழகிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பார்த்த பெரியவர்கள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்கள். குழந்தை தானே எழுதிய தவறு என்று எண்ணி, மறுநாள் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இந்த வரலாறு எதுவும் அறியாத நாம், மேசைமீது கிடந்த படத்தைப் பார்த்து, "நன்றாக வரைந்திருக்கிறாயே!" என்றோம். அவள் தலை நிமிராமல், "மாமா, இந்தப் புறா எந்த நாட்டைப் பிடித்துக்கொண்டது?" என்று கேட்டாள்.

பிழை நம்முடையது, அதற்குக் கிடைத்த சிரிப்பு அவளுடையதாயிற்று. அன்று அவளிடம் உண்மையைச் சொன்னோம். சொன்னதோடு நில்லாமல், அப்பறவையைப் பற்றி அறிந்துகொண்டு வந்து சொல்வதாகவும் வாக்களித்தோம். அவ்வாறு தேடி அறிந்தவற்றையே இன்று நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் பெயர். புறாவுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. மாடங்களில் வாழ்வது மாடப்புறா. கழுத்தில் மணி கோத்தாற்போன்ற புள்ளிகளை உடையது மணிப்புறா. மரகத நிறச் சிறகுடையது மரகதப்புறா. பழந்தமிழில் இப்பறவைக்குப் 'புறவு' என்ற பெயர் உண்டு. அகராதியைப் புரட்டினால் அதே சொல்லுக்குக் காடு என்றும், முல்லை நிலம் என்றும் பொருள் காணலாம். பறவைக்கும் காட்டுக்கும் ஒரே சொல் வாய்த்திருப்பது ஒலி ஒற்றுமையாகவே இருக்கலாம். எனினும் நாம் பேசப்போகும் பறவையைப் பொறுத்தவரை, அவ்வொற்றுமை மிகவும் பொருத்தமானது என்பது போகப் போகத் தெரியும். அதனை இங்கே 'அரசப்புறா' என்று வழங்குவோம். வடிவத்தில் பெரியது, நடையில் கம்பீரமானது என்ற கருத்தில் ஆங்கிலேயர் அதற்கு அப்பெயர் இட்டிருக்கலாம். எந்த நாட்டையும் அது பிடித்துக்கொண்டதில்லை.

உலகில் ஏறத்தாழ 350 வகைப் புறாக்கள் உள்ளன. அவற்றுள் அரசப்புறா இனத்தைச் சேர்ந்தவை நாற்பது வகை. இந்தியாவிலிருந்து மலேயா, இந்தோனேசியத் தீவுகள், நியூ கினி, ஆஸ்திரேலியாவின் வடபகுதி, பசிபிக் தீவுகள் வரை இவை பரவியுள்ளன. நம் நாட்டில் காணப்படுபவற்றுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று பச்சை அரசப்புறா. தலையும் வயிறும் இளஞ்சிவப்புக் கலந்த சாம்பல் நிறம்; முதுகும் சிறகும் வெயில் படும்போது வெண்கலம்போல் மின்னும் பச்சை; வாலின் அடிப்பகுதி செம்பழுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும், ஒரிசா முதலிய பகுதிகளின் ஈரக்காடுகளிலும், வடகிழக்கு மாநிலங்களிலும், அந்தமானிலும், கடல் கடந்து இலங்கையிலும் இது வாழ்கிறது. மற்றது மலை அரசப்புறா. 43 முதல் 51 சென்டிமீட்டர் வரை நீளமுடைய இதுவே இந்தியப் புறாக்களுள் மிகப் பெரியது. ஊர் மாடப்புறாவின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர் என்பதை நினைத்தால் இதன் உருவம் விளங்கும். இமயமலையின் கிழக்குப் பகுதியிலும் தென்னாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இது காணப்படும். தென்னாட்டு வகையைச் சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்த ஜெர்டன் என்பார் 1840-இல் முதன்முதலாக விவரித்தார். அதனைத் தனி இனமாகவே கொள்ளும் அறிஞரும் இன்று உளர்.

இதன் குரலைக் கேட்டவர் எளிதில் மறவார். உயர்ந்த மரத்தின் உச்சியில், இலைகளுக்கிடையே, கண்ணுக்குப் புலப்படாமல் அமர்ந்துகொண்டு, அடித்தொண்டையிலிருந்து இரண்டு முறை முழங்கும். தொலைவில் யாரோ பெரிய முரசொன்றை மெல்லத் தட்டினாற்போல் இருக்கும். பறவையைத் தேடி அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துத் திரும்பியவரே மிகுதி.

இனி, சித்தூர்க் குழந்தை கேட்ட அடுத்த கேள்விக்கு வருவோம். "இந்தப் புறா நம் திருமலையில் உண்டா?" என்று கேட்டாள் அவள். அடுத்த நாள் விடியற்காலையில் அலிபிரியிலிருந்து படி ஏறினோம். 3,550 படிகள் என்று கணக்குச் சொல்வார்கள். முதல் சில நூறு படிகளைக் கடந்து, கூட்டத்தின் ஆரவாரம் சற்றே அடங்கிய இடத்தில், புதருக்குள்ளிருந்து தாழ்ந்த குரலொன்று, ஊதுகுழலில் மெல்ல ஊதினாற்போல, மீண்டும் மீண்டும் வந்தது. சற்று நேரத்தில் பச்சைச் சிறகும் சிவந்த அலகும் உடைய சிறு புறா ஒன்று தரையை ஒட்டி அம்புபோல் பறந்து மறைந்தது. அது மரகதப்புறா. தமிழ்நாட்டின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்டிருப்பது இதுவே. தன்னை ஒரு மாநிலத்தின் சின்னமாக மனிதர் கொண்டிருப்பதை அறியாமல், அது ஆந்திரத்து மலையில் இரை தேடிக்கொண்டிருந்தது. குழந்தை அதனைத் தெலுங்கில் 'குவ்வ' என்றாள். அடுத்த கணமே தமிழில் 'புறா' என்றாள். இரண்டு பெயருக்கும் அப்பறவை திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னும் மேலே, அத்திமரம் ஒன்றின் கிளைகளில் இலையோடு இலையாகப் பச்சைப்புறாக் கூட்டம் ஒன்று இருந்தது. மஞ்சள் கால்களையுடைய இப்பறவை ஆலும் அரசும் அத்தியும் பழுத்த இடந்தோறும் வரும். மகாராஷ்டிர மாநிலத்தின் பறவை இது. அங்கு வாழும் தமிழ் நேயர்கள் 'ஹரியால்' என்ற பெயரால் இதனை அறிந்திருக்கக்கூடும். ஆனால் அரசப்புறா அங்கு இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

சேஷாசல மலைத்தொடர் பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடு. இயற்கையாக வேறெங்கும் வளராமல், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வளரும் செம்மரம் இதன் தனிச் செல்வம். கள்ளத்தனமாக வெட்டப்படுவதால் இதன் தனிக் கவலையும் அதுவே. 1989-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா இங்கு அமைந்தது. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தலக்கோனா போன்ற அருவிப் பள்ளத்தாக்குகளில் மட்டும் பசுமை மாறாத மரங்களும் யானைத் துதிக்கை போன்ற கொடிகளும் செறிந்திருக்கும். ஆண்டு முழுவதும் ஒரு மரம் விட்டு ஒரு மரம் பெரிய சதைக்கனி பழுத்துக்கொண்டே இருந்தால்தான் அரசப்புறாவின் வயிறு நிறையும். அத்தகைய விருந்தளிப்பது ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மேற்கு மலைக் காடே. திருமலை அதற்குச் சொந்த வீடு அன்று.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். செம்மரத்தின் காய் வட்டமானது. அதனைச் சுற்றி மெல்லிய சிறகு உண்டு. கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து, காட்டுக்குள் காற்று தடையின்றி வீசும்போது, அக்காய் காற்றில் ஏறிச் செல்லும். வறண்ட காட்டு மரங்கள் பல இவ்வாறு காற்றையே நம்பி வாழ்கின்றன. மழைக்காட்டிலோ இலைக்கூரை மூடியிருப்பதால் உள்ளே காற்று அசைவதில்லை. அன்றியும் இருண்ட தரையில் முளைக்கும் கன்றுக்கு, ஒளி கிடைக்கும்வரை உயிர் தாங்க, விதைக்குள் நிறைய உணவு இருக்க வேண்டும். ஆதலின் அங்குள்ள மரங்களில் பலவற்றின் விதை பெரியது, கனமானது. காற்றால் தூக்க இயலாத அவ்விதையைச் சுமப்பவர் யார்? யானை, குரங்கு, மரநாய், இருவாசி, அரசப்புறா போன்றோரே சுமப்பவர்.

சுமப்பதற்கேற்ற உடலமைப்பும் அரசப்புறாவுக்கு உண்டு. அதன் அலகு பார்வைக்குச் சிறியது. ஆனால் தாடை விரிந்து கொடுக்கும். தன் தலைக்குப் பொருந்தாத பெரிய கனியையும் அது முழுதாக விழுங்கிவிடும். காட்டுச் சாதிக்காய், குங்கிலியம், நாவல், இலவங்க இனத்து மரங்கள், உருத்திராட்ச இனத்து மரங்கள் ஆகியவற்றின் கனிகள் இதன் உணவு. இரைப்பையின் சுவர் மெல்லியது. குடல் குறுகியது, ஆனால் அகன்றது. மேலே உள்ள சதை மட்டும் செரிக்கும். விதை கீறலின்றி வெளியே வரும். சில மணி நேரத்துக்குள் அப்பறவை பள்ளத்தாக்கைக் கடந்து வேறொரு மலைச்சரிவில் அமர்ந்திருக்கும். விதை அங்கே விழும்.

பச்சைப்புறாவின் செய்கை இதற்கு நேர்மாறு. அதன் இரைப்பை தடித்த தசையால் ஆனது. விழுங்கிய சிறு கற்களின் துணையால் அத்திவிதையை அது மாவாக அரைத்துவிடும். ஒரே குடும்பத்துப் பறவைகள் இரண்டும் ஒரே மரத்தில் பழம் உண்ணலாம். ஒன்று விதையை உண்டு தீர்க்கிறது. மற்றது விதைக்கு வழித்துணையாகிறது. புறத்தோற்றம் கொண்டு இவ்வேறுபாட்டை அறிய இயலாது.

விதை தாய்மரத்தின் கீழேயே விழுந்தால் என்ன குறை என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு ஜான்சன் என்பவர் 1970-இலும் கானல் என்பவர் 1971-இலும் தனித்தனியே விடை கண்டனர். தாய்மரத்தின் நிழலில் அதே இனத்து விதையும் கன்றும் கூட்டமாக இருக்கும். அவ்வினத்தைத் தேடித் தின்னும் வண்டும் பூஞ்சணமும் எலியும் அங்கேயே காத்திருக்கும். விழுந்தவற்றுள் பெரும்பாலானவை மடியும். தாயை விட்டுத் தொலைவில் சென்று விழுந்த விதைக்கு இப்பகைவர் குறைவு. பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. எனவே ஒரு மழைக்காட்டில் ஓரிடத்தில் நூறு மரம் நின்றால், அவை பல இனத்தவையாக நிற்கின்றன. அக்காட்டின் பல்வகை வளத்துக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம் என்பது இயற்கை நூலார் கருத்து. பிறந்த ஊரை விட்டு வெளியே வந்து வேரூன்றிய நேயர்களுக்கு இச்செய்தியில் ஒரு தனி ஆறுதல் இருக்கலாம். ஆனால் அவ்விதை தானாக அங்குச் செல்லவில்லை. அதனை ஒன்று சுமந்து சென்றது என்பதையும் மறவாதிருப்போம்.

'ஏகாதிபத்தியம்' என்று நாம் தவறாக எழுதினோம் அல்லவா? உண்மையான ஏகாதிபத்தியம் ஒன்றோடு இவ்வினத்துப் புறாக்கள் மோதிய கதையும் உண்டு. சாதிக்காய் மரம் இந்தோனேசியாவின் பாண்டா என்னும் சிறு தீவுக் கூட்டத்துக்கு உரியது. அக்காய் ஐரோப்பாவில் பெரும்பொருள் ஈட்டித் தந்த காலத்தில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1621-இல் படையுடன் வந்து பாண்டாத் தீவுகளைக் கைப்பற்றினர். அத்தீவு மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். அல்லது அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டனர். பிறகு அவ்வாணிகம் தம் கையை விட்டுப் போகாதிருக்கும் பொருட்டு, பிற தீவுகளில் நின்ற மரங்களை வெட்டி வீழ்த்தினர். ஏற்றுமதியாகும் கொட்டை வேறிடத்தில் முளைத்துவிடாதபடி சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினர் என்றும் கூறுவர். ஆனால் அரசப்புறா அவர்களுடைய ஆணைக்குக் கட்டுப்படவில்லை. கொட்டையை மூடியிருக்கும் சிவந்த சாதிபத்திரியே அதற்கு வேண்டியது. கொட்டையோடு அதனை விழுங்கி, பத்திரியைச் செரித்துக்கொண்டு, கொட்டையைப் பறந்து சென்ற இடத்தில் போட்டுவிடும். வெட்டிய தீவுகளில் மீண்டும் மரம் முளைத்ததற்கு இப்பறவைகளும் ஒரு காரணம் என்பர். இயற்கையியலார் வாலஸ் 1857-இல் பாண்டாவுக்குச் சென்றபோது, சாதிக்காய் விழுங்கும் அழகிய பெரிய புறாவைக் கண்டு, 1869-இல் வெளியான தம் நூலில் எழுதினார். நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும், வெண்ணிற உடலும் கரிய சிறகுநுனியும் உடைய அரசப்புறா ஒன்று தீவு விட்டுத் தீவு பறந்து திரிகிறது. அதற்குச் சாதிக்காய்ப் புறா என்றே மற்றொரு பெயர் வழங்குகிறது. ஆக, நாம் ஏகாதிபத்தியத்தின் பெயரைச் சூட்டிய பறவை, ஏகாதிபத்தியத்தின் வேலிக்குள் அடங்க மறுத்த பறவையாக இருந்தது. இதனைக் கேட்டபோதுதான் சித்தூர்க் குழந்தை முதன்முறையாகச் சிரித்தாள்.

இத்துணை வலிமையுள்ள பறவையின் குடும்ப வாழ்வு மிக எளியது. சில சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தாற்போன்ற மெல்லிய தட்டே அதன் கூடு. கீழிருந்து பார்த்தால் இடைவெளி வழியே வானம் தெரியும். அதில் இடுவது பெரும்பாலும் ஒரே முட்டை. குஞ்சு பொரித்தபின் ஆணும் பெண்ணும் தம் தொண்டைப் பையில் சுரக்கும் ஒருவகைப் பாலை அதற்கு ஊட்டும். புறாக் குடும்பம் முழுவதற்கும் உரிய சிறப்பு இது. பிற பறவைகள் பல தம் குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையும் தேடியலைய, பழத்தையே உண்ணும் இப்பறவை தன் உடலிலிருந்தே குஞ்சுக்கு உணவு தருகிறது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தந்த சிபியின் கதையை நம்மவர் சொல்லிவருகிறோம். தசையை அரியாமலே தன் உடலை உணவாக்கித் தரும் தாயும் தந்தையுமாகப் புறாவே இருக்கிறது.

ஒரே முட்டை என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆண்டுக்கொரு குஞ்சு வளர்க்கும் பறவையைத் துப்பாக்கியும் கண்ணியும் கொண்டு வேட்டையாடினால், இழப்பை ஈடு செய்ய அதற்குக் காலம் போதாது. அரசப்புறா சதைப்பற்று மிக்கது. பழுத்த மரத்துக்குத் தவறாமல் வருவது. ஆதலின் மறைந்திருந்து சுடுவோர்க்கு எளிய இலக்கு. வடஅமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்து வானத்தை மறைத்த பயணிப்புறா, வேட்டையாலும் காட்டழிவாலும் அருகி, அதன் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் முதல் நாளில் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தது. அதுவும் ஈற்றுக்கு ஒரே முட்டை இட்ட பறவை. மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த டோடோவும் ஒரு புறாவே. நம் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் நிக்கோபார்ப் புறாதான், உயிரோடிருப்பவற்றுள் அதற்கு மிக நெருங்கிய உறவு என்பது 2002-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியில் தெரியவந்தது. மேற்கு மலைக்கே உரிய நீலகிரிக் காட்டுப்புறாவும் அழிவை எதிர்நோக்கும் பறவைகளின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

பறவை குறைந்தால் காடு உடனே மறைந்துவிடாது. இதுவே இவ்விஷயத்தில் மிகவும் ஏமாற்றும் பகுதி. மரம் நூறாண்டு நிற்கும், பசுமை குறையாது, பார்ப்பவர் காடு நலமாயிருக்கிறது என்றே எண்ணுவர். ஆனால் கனி பழுத்து, உண்பாரின்றி, தாய்மரத்தின் கீழேயே விழுந்து அழுகும். மூத்த மரம் சாயும்போது அதன் இடத்தை நிரப்ப அதே இனத்துக் கன்று தொலைவில் எங்கும் இராது. 1992-இல் ரெட்ஃபோர்டு என்னும் அறிஞர் இத்தகைய காட்டை 'வெறுங்காடு' என்னும் பொருள்பட அழைத்தார். மொழிக்கும் இஃது ஒவ்வும். ஒரு வீட்டில் பாட்டியும் தாத்தாவும் தமிழ் பேசிக்கொண்டிருக்கும்வரை அங்குத் தமிழ் இருப்பதாகவே தோன்றும். அடுத்த தலைமுறைக்கு அதைச் சுமந்து செல்வார் உண்டா என்பது அப்போது தெரியாது.

அச்சமூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. களக்காடு முண்டந்துறை, ஆனைமலை முதலிய இடங்களில் காடு காக்கப்பட்ட பகுதிகளில் அரசப்புறாவின் முழக்கம் இன்றும் கேட்கிறது. முன்னாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ரிஷி வாலிப் பள்ளியார் மொட்டையாய்க் கிடந்த குன்றுகளைப் பல ஆண்டுகள் பேணிப் பசுமையாக்க, பறவைகள் திரும்பி வந்தன. கடப்பை மாவட்டத்தில், அழிந்தேபோயிற்று என்று பலரும் கைவிட்ட ஜெர்டன் பறவையொன்று 1986 ஜனவரியில் மீண்டும் அகப்பட்டது. முன்னே நாம் குறித்த அதே ஜெர்டன்தான் அதனை முதலில் அறிவுலகுக்குக் கொணர்ந்தவர். அதனை மறுபடி கண்டெடுத்துத் தந்தவரோ, பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். அப்பகுதியில் பறவை பிடித்துப் பிழைத்த ஒருவர். காட்டைப் பற்றிய அறிவு நூல்களில் மட்டும் இல்லை என்பதற்கு இது சான்று.

அரசப்புறா வாழும் காட்டருகே நம்மில் சிலரே வாழ்கிறோம். மற்றவர் செய்யக்கூடியது என்ன? சித்தூரிலும் திருப்பதியிலும், அதுபோலவே புனேயிலும் பெங்களூரிலும், சாலையோரத்தில் ஆலும் அத்தியும் நிற்கின்றன. அவற்றின் பழத்தால் வாசல் அழுக்காகிறது என்றும், பறவை எச்சத்தால் வண்டி கெடுகிறது என்றும் சொல்லி அவற்றை வெட்டச் சொல்லும் விண்ணப்பங்கள் எங்கும் உண்டு. அவ்விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் ஒரு நாள் காலை அம்மரத்தடியில் நின்று, மேலே யார் உண்கிறார்கள் என்று குழந்தைகளோடு எண்ணிப் பாருங்கள். பார்த்த பறவைக்குத் தமிழில் என்ன பெயர் என்று அவர்கள் கேட்டால் விடை சொல்லுங்கள். தெரியாவிட்டால், நாம் செய்ததுபோல் அவசரப்பட்டு ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள். ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள். காட்டில் உழலும் மக்களைக் கேளுங்கள். அவ்வூர் மொழியில் என்ன பெயர் என்றும் கேளுங்கள்; அண்டை வீட்டுச் சொல்லை அறிவதால் நம் சொல் குறைந்துவிடாது.

அந்தப் பிரசுரத்தைத் திருத்தக் கோரி நாம் எழுதினோம். அடுத்த பதிப்பில் பெயர் மாறியது. பழைய பிரதிகள் எத்தனை வீடுகளில் உள்ளனவோ அறியோம். அவற்றை வைத்திருக்கும் நேயர்கள் தம் கையாலேயே அச்சொல்லை அடித்து எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

சித்தூரிலிருந்து சென்ற பொங்கலுக்குப் பின் ஒரு கடிதம் வந்தது. பழைய படத்தையே குழந்தை மறுபடியும் விழாவில் ஒட்டினாளாம். கீழே இருந்த பெயரை அடித்துவிட்டு, நாம் சொன்ன 'அரசப்புறா' என்பதையும் எழுதாமல், தானே ஒரு பெயர் எழுதியிருக்கிறாள்: 'காடு நடும் புறா.' பக்கத்தில் தெலுங்கிலும் எழுதி வைத்தாளாம். இம்முறை பெரியவர்கள் சிரிக்கவில்லை. அது என்ன புறா என்று கேட்டார்களாம். அவள் நின்று விளக்கம் சொன்னாளாம்.

மொழிபெயர்ப்பை வாழ்க்கையாகக் கொண்ட நாம் அதனினும் நல்ல பெயரை அப்பறவைக்குத் தேட முற்படவில்லை. இப்பேச்சுக்கும் அதையே தலைப்பாக இட்டுக்கொண்டோம்.